மூன்றாவது சிலிண்டர்

கூத்தாநல்லூர்ப் பட்டறையில் ஜெகபர்
பிளக்கைக் கழற்றிவிட்டு கேஜைச் செருகினார்.
முதல் சிலிண்டர் நூற்றறுபது.
இரண்டாவது நூற்றைம்பத்தைந்து.
மூன்றாவதில் முள் எண்பதுவரை வந்து
மேலே போக மனமில்லாமல் நடுங்கியது.

ஒரு கரண்டி ஆயில் ஊற்றினார் அதற்குள்.
மறுபடி சுற்றினோம். நூற்று முப்பது.
“ரிங்கு போயிட்டுது டாக்டரம்மா.”
நான் டாக்டரில்லை, கால்நடை ஆய்வாளர்.
பதினேழு வருஷமாகத் திருத்துகிறேன்,
ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து ஆம்னி.
பின் சீட்டை எப்போதோ கழற்றிப் போட்டாயிற்று.
அந்த இடத்தில் நைட்ரஜன் கேன்,
அதற்குள் ஈர்க்குச்சி பருமன் குழல்களில்
நான் முகம் பார்த்திராத காளைகள்.
வெண்ணாற்றங்கரை, கோரையாற்றங்கரை,
பாமணிக்கு அந்தப்பக்கம் ரோடு என்று பெயர் மட்டும் உள்ள ரோடுகள்.
போன் வந்தால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும்,
பசுவின் பருவம் யாருக்கும் காத்திருக்காது.

இப்போது ஐந்நூறு கிலோமீட்டருக்கு
ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது.
பின்னால் நீலப் புகை.
வடபாதிமங்கலத்தில் பையன்கள்
கொசு மருந்து வண்டி என்று துரத்திக்கொண்டு வருகிறார்கள்.

போர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கட்,
கூலியும் சேர்த்தால் முப்பத்தொன்றாயிரம்.
அப்படியே கொடுத்தால்
முப்பதுக்கு எடுக்கத் திருவாரூரில் ஆள் இருக்கிறது.
“வண்டி வெலைய வண்டிக்குள்ளயே போடுறதா அண்ணி?”
கொழுந்தன் அறிவுடைநம்பி ஃபைனான்சில் வேலை பார்க்கிறான்,
புதுசுக்குத் தவணை போட்டுத் தாளோடு வந்துவிட்டான்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.
ஏழாம் ஈத்துப் பசு, ஒரு காம்பு அடைத்துப்போனது,
மூன்று தரம் ஊசி போட்டும் சினை நிற்காதது.
“இன்னொரு தரம் பாக்கவா, தள்ளிவுட்டுடவா?”
கையுறையை உரிக்கும்போதே சொல்லிவிடுவேன்:
தள்ளிவிடுங்கள்.
கோட்டூர் செல்லையன் மட்டும் கேட்கவில்லை.
போன தையில் அது கிடாரி போட்டது.
பால், நேரத்துக்கு ஒன்றரை லிட்டர்,
தவிட்டுக்குக் கூடக் கட்டாது.
நான் சொன்னதும் சரி, அவர் செய்ததும் சரி.
அதெப்படி என்று
அந்தக் கிடாரிக்குக் காதுவில்லை மாட்டும்போது
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
அது உதறிக்கொண்டு ஓடிவிட்டது.

மறுநாள் ஹெட்டைத் திறந்து வைத்திருந்தார் ஜெகபர்.
“நகத்த வச்சு இழுத்துப் பாருங்க, தட்டுதான்னு.”
எனக்கு ஏது நகம்?
தோள்வரை கைவிட்டு
இருட்டுக்குள் கருவைத் தேடுகிறவளுக்கு
ஒட்ட வெட்டிய பத்து விரல்.
நுனியை மட்டும் வைத்துச் சுவரோடு மேலே நகர்த்தினேன்.
வழுவழு, வழுவழு, பிறகு ஒரு விளிம்பு.
நெல் உமியின் கனம்கூட இருக்காது,
அங்கே நின்றது விரல்.
பதினெட்டு வருஷம்
பிஸ்டன் ஏறி ஏறித் திரும்பிய இடம்.

“செஞ்சா இன்னும் எத்தன வருஷம் ஓடும்?”
கேட்டது நான்தான்.
குரல் செல்லையனுடையது.
ஜெகபர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார்,
ஒவ்வொரு விரலாக.
“பாடியில துருவும் இருக்கு.
நீங்க ஓட்டுறதப் பொறுத்தது.”
தீனியைப் பொறுத்தது என்று
இத்தனை வருஷம் ஊரெல்லாம் நான் சொல்லிவந்ததும்
இதே ‘எனக்குத் தெரியாது’தான்.

ஐயாயிரம் முன்பணம் வைத்தேன்.
அறிவுடைநம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.
பத்து நாளாகுமாம்.
அதற்குள் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வரலாம்,
வராமலும் போகலாம்.

கேனோடு மன்னார்குடி பஸ்ஸில் ஏறினேன்.
மூடியோரம் வெள்ளையாய்ப் புகைந்தது.
“என்னம்மா அது? எறக்கு, எறக்கு.”
“காளை” என்றேன். “இருபத்திரண்டு இருக்கு.”
கண்டக்டர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு
ஒரே ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.